கழிக்கிண்ணியின் முதல் வாரம்

கற்பனையாக ஓர் உயிரினத்தைப் படைக்கச் சொன்னால், நாம் எல்லோரும் அதன் முழு வளர்ச்சியடைந்த உருவத்தைத்தான் படைக்கிறோம். உப்பைத் தாங்கும் தோல், அலைக்கு அசையாத வேர், எதிரியை விரட்டும் முள், வெயிலில் மூடிக்கொள்ளும் இதழ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறோம். அந்த உடம்பு அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது, வந்த அன்று அதனிடம் இவற்றில் எது இருந்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. அண்மைக்காலமாக இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளுக்குப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: கடற்கரையில் வாழ்வதும், பார்வைக்குச் செடிபோல் இருப்பதும், ஆனால் உலகில் எங்கும் இல்லாததுமான ஓர் உயிரியை வடிவமைத்து, அது எப்படிப் பிழைக்கிறது என்று விளக்க வேண்டும். விலங்கியல் படித்தவள் என்பதால் துணைக்கு என்னை அழைத்தாள். கண்காட்சி முடிந்துவிட்டது, அந்த உயிரி மட்டும் என்னை விடவில்லை.

கடற்கரை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எதையும் வடிவமைக்க முடியாது என்பதால், முதலில் இடத்தை முடிவு செய்தோம். மணற்கரை என்றால் பகை மணல்தான். அது நகரும், புதைக்கும், சுடும். அங்கே அடம்பங்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது, இராவணன் மீசை முள்ளும் விறைப்புமாய் மணலைப் பிடித்து நிற்கிறது. பாறைக்கரை என்றால் அலையின் அடியே பெரிய பகை. நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சேற்றைத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்து கிடக்கும் அந்தச் சதுப்புக்காட்டில், கடைசி மரத்துக்கு முன்னால், ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்றம், வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் ஒரு வெற்றுச் சேற்றுப்பட்டை உண்டு. மரங்களால் இறங்க முடியாத அந்தப் பட்டையில்தான் எங்கள் உயிரி வாழ வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அங்கே வாழ்வது எளிதல்ல. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கோடையில் தேங்கிய உப்பங்கழி நீர் காய்ந்து அதையும் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது அதே நீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். உப்பை மட்டும் தாங்கினால் போதாது, உப்பு இல்லாமல் போவதையும் தாங்க வேண்டும். சேறோ, மேலே சில மில்லிமீட்டர் தாண்டினால் காற்றே இல்லாதது. விரலால் கிளறினால் கருப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, பெரும்பாலான வேர்களுக்கு நஞ்சு.

அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை முதலில் பார்த்துவிடலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வெண்கண்டல் என்ற சதுப்புநில மரத்தின் இலை ஒன்றைப் பறித்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால், மேற்பரப்பில் பொடி உப்பு தூவியதுபோல் மினுக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவை சதுரச் சதுரமான படிகங்கள்; நாக்கில் வைத்தால் நேர் உப்பு. வேர் வடிகட்டியும் உள்ளே வந்துவிட்ட உப்பை, இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிய மிச்சம் அது. பக்கத்தில் நிற்கும் சுரபுன்னை இலையில் இந்த மினுக்கல் கிடையாது. அது உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதற்கான விலையைத் தண்டுக்குள் கட்டுகிறது. கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்து இழுக்க வேண்டுமென்றால், மரத்தின் உள்ளே இருக்கும் நீர் எப்போதும் கடுமையான இழுவிசையில் நிற்க வேண்டும். பெர் ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1965-ல் வெளியிட்ட அளவீடுகளில், சதுப்புநில மரங்களின் சாறு பல பத்து வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான எதிர்விசையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதே ஷோலாண்டர் 1955-ல் இன்னொன்றைக் காட்டினார். அமெரிக்கச் சுரபுன்னை இனத்தின் முட்டுவேர்களில் உள்ள சுவாசத் துளைகளைக் கிரீஸ் தடவி அடைத்தபோது, சேற்றுக்குள் புதைந்திருந்த வேரின் ஆக்சிஜன் இரண்டே நாளில் அடிமட்டத்துக்குச் சரிந்தது. காற்று வேருக்கு மேலிருந்துதான் இறங்குகிறது. அந்த வழி அடைபட்டால் அவ்வளவுதான்.

இப்படி ஒவ்வொரு தகவமைப்புக்கும் ஒரு செலவு இருக்கிறது என்பதை அவளுக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது. கற்பனை உயிரிகளில் எனக்குப் பிடிக்காதது இதுதான்: வரங்களை வாங்கிக் குவிக்கின்றன, எதற்கும் எதையும் கொடுப்பதில்லை.

நாங்கள் கட்டிய உடம்பு

அவள் அதற்குக் கழிக்கிண்ணி என்று பெயர் வைத்தாள். ஒரு சாண் உயரத் தண்டு, அதன் உச்சியில் பச்சை மடல்கள் சூழ்ந்த ஒரு கிண்ணம். பார்த்தால் செடி, உண்மையில் விலங்கு. இதில் புதுமை ஒன்றும் இல்லை. பவளத்தைச் செடி என்றே ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1720-களில் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அது விலங்கு என்று சொன்னபோது, அந்த நாட்டு அறிவியல் உலகம் அவரை ஏற்கவில்லை. செடியின் பொருளால் உடம்பைக் கட்டிக்கொள்ளும் விலங்குகூட உண்டு. அசிடியன் எனப்படும் கடற்பீச்சிகளும் அவற்றின் சுற்றத்தாரும் தம் உறையைச் செல்லுலோஸால் செய்கிறார்கள். விலங்குலகில் செல்லுலோஸைத் தானே உற்பத்தி செய்பவர்கள் அவர்கள் மட்டுமே. அதற்கான மரபணு என்றோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து அவர்களுக்கு வந்து சேர்ந்தது. எனவே கழிக்கிண்ணியின் தண்டும் செல்லுலோஸ் உறையால் ஆனது. சேற்றில் ஊன்றுவதற்குக் கடற்பேனா என்ற கடல்விலங்கின் வழியை எடுத்துக்கொண்டோம்: அடித்தண்டைச் சேற்றுக்குள் செருகி, உள்ளே நீரை நிரப்பி உப்ப வைத்துக்கொள்வது. வேரே இல்லாததால் வேருக்குக் காற்று கொண்டுபோகும் கவலை குறைந்தது. ஆனால் உப்பிய அடித்தண்டும் உயிருள்ள தசைதானே. அதற்கு மேலிருந்து ஆக்சிஜன் கலந்த நீர் ஓயாமல் இறங்க வேண்டும். கிண்ணம் வறண்டால் அடித்தண்டு மூச்சுத்திணறும்.

உணவுக்கு நாங்கள் கண்ட வழி எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. கழிநீர் கலங்கலானது, ஓதம் ஏறிவிட்டால் ஒரு முழம் ஆழத்திலேயே வெளிச்சம் மங்கிவிடும். ஆகவே நீருக்குள் இருக்கும் நேரத்தில் பச்சை மடலால் பயனில்லை. அப்போது கழிக்கிண்ணி நீரை உறிஞ்சி வடிகட்டி, மிதக்கும் நுண்ணுயிரிகளைத் தின்னும். ஓதம் வற்றியதும் வடிகட்ட நீர் இல்லை, ஆனால் வெயில் இருக்கிறது. மடல்களுக்குள் குடியிருக்கும் பாசி அப்போது ஒளிச்சேர்க்கை செய்து அதற்குச் சர்க்கரை கொடுக்கும். பிரான்ஸின் பிரித்தானிக் கரையில் ராஸ்காஃப் என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் ஒரு பச்சைப் புழு இப்படித்தான் வாழ்கிறது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் புழுவின் உடம்பெல்லாம் பாசி. ஓதம் வற்றும்போது ஆயிரக்கணக்கில் மணலுக்கு மேலே வந்து பச்சைச் சேறுபோல் படர்ந்து வெயில் காயும். அருகில் காலடி அதிர்ந்தால் உடனே மணலுக்குள் இறங்கிவிடும். வளர்ந்த புழு எதையும் தின்பதில்லை. பாசி கொடுப்பதை மட்டுமே உண்டு வாழ்கிறது.

வெயில் காய்வதற்கும் செலவு உண்டு. சித்திரை வெயிலில் மடலை விரித்தால் உலரும், மடக்கினால் வெளிச்சம் போகும். இதற்குப் பூப்போலத் தோன்றும் கடல்விலங்கான கடற்சாமந்தி ஒன்றிடமிருந்து கடன் வாங்கினோம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஒரு வகைக் கடற்சாமந்தி, சிப்பித் துண்டுகளையும் சிறு கற்களையும் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. அதனால் வெப்பமும் உலர்தலும் குறைகின்றன. கழிக்கிண்ணியும் தண்டைச் சுற்றி ஆளிச் சிப்பித் தூளை அப்பிக்கொள்ளும். கிண்ணத்தில் கொஞ்சம் நீரைத் தேக்கி, மடல்களைப் பாதி மட்டும் விரிக்கும். மழைக்காலம்தான் மிகவும் சிக்கலாக இருந்தது. கடற்பீச்சி போன்ற மென்மையான உடம்புக்கு நன்னீர் உப்பைவிடக் கொடியது. சிப்பிகள் நன்னீர் வெள்ளத்தில் ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருப்பதுபோல, இதுவும் கிண்ணத்தை மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் வடிகட்டவும் முடியாது, வெளிச்சமும் வராது. அந்த வாரங்களில் தனக்குள் வாழும் பாசியில் ஒரு பங்கையே அது செரித்துத் தின்னும் என்று முடிவு செய்தோம். அவளுக்கு அது கொடுமையாகப் பட்டது. எனக்கு அது நியாயமான விலையாகப் பட்டது.

"இதோட குட்டி எங்க இருக்கும்?"

படம் வரைந்து வண்ணம் தீட்டி முடித்த பிறகு ஒருநாள், படத்தை எட்டத்தில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அத்தை, இதோட குட்டி எங்க இருக்கும்? இதே இடத்துலதானா? அதுக்கு இந்தக் கிண்ணமெல்லாம் பொறக்கும்போதே இருக்குமா?"

இருக்க முடியாது. அதுதான் விடை, அதைச் சொன்னவுடன் நாங்கள் கட்டிய உடம்பு முழுவதும் வேறு மாதிரி தெரியத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத அளவிலான ஓர் இளவுயிரிக்குச் செல்லுலோஸ் தண்டு கிடையாது, தேக்கி வைக்கக் கிண்ணம் கிடையாது, ஊன்ற அடித்தண்டு கிடையாது, பாசிகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது வந்து இறங்கும் சேறு, பெரிய உயிரி சமாளிக்கும் அதே சேறுதான். வெயிலும் வெள்ளமும் நஞ்சும் அதற்கென்று எதையும் குறைத்துக்கொள்வதில்லை. ஓர் உயிரினம் ஒரு கரையில் இருக்குமா இருக்காதா என்பதை முடிவு செய்வது அந்தச் சில நாள்கள். வளர்ந்த பின் வரும் கவசங்கள் எல்லாம் அந்த நாள்களைத் தாண்டியவற்றுக்கு மட்டுமே பயன்படுகின்றன.

கரையோர உயிர்களை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தால், அவற்றின் மிக நுட்பமான ஏற்பாடுகள் எல்லாம் குஞ்சுப் பருவத்தில்தான் குவிந்திருக்கின்றன. படகின் அடியில் ஒட்டும் ஓடுடைய சிறு உயிரியான கொட்டலசின் கடைசி லார்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதையும் தின்பதில்லை. முன்பே சேமித்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் தேட வேண்டும். உணர்கொம்பால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடக்கிறது, தன் இனத்தின் பெரியவர்கள் அருகில் விட்டுவைத்த புரதத்தை உணர்ந்தால் அங்கே தங்க விரும்புகிறது, பிடித்துவிட்டால் தலைப்பக்கத்தை ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அந்த இடத்தை விட்டு நகர வழியே இல்லை. வாழ்நாள் முழுவதற்குமான ஒரே முடிவை, வாழ்க்கையை இன்னும் தொடங்காத ஓர் உயிர் எடுக்கிறது. கடற்பீச்சியின் லார்வா வாலாட்டி நீந்தும். முதுகுத்தண்டின் முன்னோடி அதன் வாலில் இருக்கிறது, வெளிச்சத்தை உணரும் புள்ளி தலையில் இருக்கிறது. இடம் கிடைத்ததும் தலையால் ஒட்டிக்கொண்டு வாலை உள்ளிழுத்துக் கரைத்துவிடுகிறது.

சதுப்புநில மரங்களும் இதையேதான் செய்கின்றன. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முழ நீளக் காய்போலத் தொங்கி, கிட்டத்தட்ட ஒரு நாற்றாகவே கீழே விழுகிறது. வெண்கண்டலின் கரு காய்க்குள்ளேயே வளர்ந்துவிடுகிறது. நீரில் விழுந்ததும் மேல்தோலைக் கழற்றிவிட்டு மிதந்து போகிறது. இருந்தும் அது எங்கே வேண்டுமானாலும் பிழைத்துவிடுவதில்லை. வெண்கண்டல் சேர்ந்த அவிசீனியா பேரினத்தின் நாற்றுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அது மூன்று தடைகளைத் தாண்ட வேண்டியிருப்பதைக் காட்டின. முதலில், நீர் வந்து மிதக்கவிடாத சில நாள்கள் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். அதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். அடுத்து, அலையின் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு வேர் நீள வேண்டும். பிறகு, பெரிய அலை மேற்சேற்றையே அரித்துக்கொண்டு போனாலும் நிற்கும் அளவுக்கு இன்னும் ஆழமாக இறங்க வேண்டும். இந்த மூன்றுக்கும் போதிய அமைதியான காலம் கிடைக்காத சேற்றில், ஆயிரம் விதை வந்து விழுந்தாலும் காடு வராது. கடைசி மரத்துக்கு முன்னால் அந்தப் பட்டை வெறுமையாக இருப்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் மனிதர்கள் செய்த வேலைகள் நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு பல நாடுகளின் கரைகளில் சதுப்புநில மர நாற்றுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். மிகத் தாழ்ந்த, எப்போதும் நீர் நிற்கும் சேற்றில் நட்ட இடங்களில் பெருமளவு செத்துப்போயின. அதற்கு நேர்மாறான வேலை நம் பிச்சாவரத்திலேயே அதற்கு முன்பே நடந்திருந்தது. அங்கே முன்பு காட்டைக் கூறு கூறாகப் பிரித்து மொட்டையாக வெட்டி வந்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராகப் பட்டுச் சேறு காய்ந்து, அமுங்கிக் குழிந்தது; குழியில் ஏறிய ஓதநீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. ஓடையின் விளிம்பில் பெரிய மரங்கள் செழிப்பாக நிற்க, உள்ளே ஒன்றும் முளைக்காத வெற்றிடங்கள் உருவாயின. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, அந்தக் குழிகளிலிருந்து ஓடைக்கு மீன்முள் வடிவில் கால்வாய்களை வெட்டினார்கள். ஓதம் ஏறி, பிறகு வடியத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. நட்ட வெண்கண்டல் பிடித்தது, தானாகவும் முளைத்தது. மரத்தில் எதையும் மாற்றவில்லை. நாற்றுக்குத் தேவையான நீரோட்டத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். படகில் போகிறவர்கள் அடர்ந்த சுரபுன்னைச் சுரங்கங்களைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்த மீன்முள் கால்வாய்களைப் பார்த்தால்தான் நெஞ்சு நிறைகிறது.

மறுபடி வரைந்தது

கழிக்கிண்ணியைத் தலைகீழாகத் தொடங்கினோம்: முதலில் குஞ்சு, பிறகு தாய். குஞ்சு எப்போது வெளியே வர வேண்டும்? மழைக்காலத்தில் வந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். கோடையில் வந்தால் வெந்துவிடும். வெள்ளம் அடங்கி, கழியில் உப்பு மெல்ல ஏறத் தொடங்கும் தை மாதம்தான் சரி. அப்படியானால் தாய், மழைக்காலம் முழுவதும் மூடிய கிண்ணத்துக்குள் முட்டைகளை அடைகாக்க வேண்டும். பட்டினி கிடக்கும் அதே வாரங்களில். முன்பு நியாயமான விலையாக எனக்குப் பட்ட அந்தப் பாசி தின்னல் இப்போது இரட்டிப்புச் செலவாகிவிட்டது. சில தாய்கள் இதில் சாகும். அவள் அதை ஒப்புக்கொண்டாள், தயங்கித் தயங்கி.

எங்கே இறங்க வேண்டும்? அமெரிக்க மேற்குக் கரையில் கடற்பனை என்று சொல்லத்தக்க ஒரு பாசி உண்டு. கடும் அலை அடிக்கும் பாறையில் சிறு பனைமரம்போல் நிற்கும். ஓதம் வற்றும் நேரத்தில் அதன் வித்துகள் ஓலையின் பள்ளங்கள் வழியே சொட்டிச் சொட்டி, தாயின் காலடியிலேயே, சில மீட்டருக்குள் விழுந்து பிடித்துக்கொள்கின்றன. தூரம் போகும் ஆசையை விட்டுவிட்டுப் பிடிப்பை வாங்கிக்கொண்ட உயிர் அது. கழிக்கிண்ணியும் நீர் வற்றும் வேளையில் குஞ்சுகளைத் தண்டு வழியே வழியவிடும். தாயைச் சுற்றி அப்பியிருக்கும் சிப்பித் தூள்தான் அவற்றின் முதல் தரை. நகரும் சேற்றில் அந்த அளவுக்கு உறுதியான பரப்பு வேறு கிடையாது. வெயிலுக்காக நாங்கள் போட்ட அந்தச் சட்டை, குஞ்சுக்குத் தொட்டிலாக மாறியதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இப்படி இருந்தால் கழிக்கிண்ணி திட்டுத் திட்டாகத்தான் வாழும். ஒரு புயல் அந்தத் திட்டை வாரிக்கொண்டு போனால், அந்த ஓடையில் அதன் கதை முடிந்தது.

மிஞ்சியிருப்பது ஒரே சிக்கல். அதில் எங்களுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. குஞ்சுக்குப் பாசி எங்கிருந்து வரும்? ராஸ்காஃப் புழுவின் குஞ்சு பாசி இல்லாமல்தான் பிறக்கிறது. கடலிலிருந்து சரியான இனத்தைத் தேடி விழுங்க வேண்டும், கிடைக்காவிட்டால் அது வளர்வதில்லை. வெப்பமண்டலக் கடலில் வாழும் டிடெம்னிட் குடும்பத்துக் கடற்பீச்சிகள் சிலவோ, தம்முள் வாழும் பச்சை நுண்ணுயிரைத் தாயிடமிருந்தே லார்வாவின் உடம்பில் ஏற்றி அனுப்பிவிடுகின்றன. அண்ணன் மகள் இரண்டாவது வழியைத்தான் வைக்க வேண்டும் என்கிறாள்: தாய் எப்படியும் அடைகாத்துக்கொண்டிருக்கிறது, போகும்போது கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பினால் என்ன என்பது அவள் கேள்வி. எனக்கு முதலாவதில்தான் மனம் நிற்கிறது. தை மாதத்தில் தாயிடம் மிஞ்சியிருப்பது, பட்டினிக்குத் தின்றதுபோக எஞ்சிய பாசி. அதையும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குப் பங்கிட்டால், மடல் வெளுத்த தாய் மாசி வெயிலில் எதை வைத்துத் தேறும்? பக்கத்துத் தாய்கள் வெளியேற்றிய பாசி சிப்பித் தூளின் ஈரத்தில் உயிரோடு இருக்கும், குஞ்சு அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிறேன் நான். அப்படியென்றால் தனியாக நிற்கும் கிண்ணிக்குக் குஞ்சே தங்காது என்கிறாள் அவள். ஆமாம், தங்காது. ஒரு திட்டில் குறைந்தது எத்தனை கிண்ணிகள் இருந்தால் பாசி தொடரும் என்று கணக்கிடுவதற்காக, இப்போது சேற்றில் வட்டம் வட்டமாகப் படம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.